இளவயதில் இதய வால்வு, பெருந்தமனி அறுவை: என்ன கேட்பது, எதில் கவனம்

முதல் கேள்வி வால்வின் வகை. மெக்கானிக்கல் (செயற்கைப் பொருளால் ஆன) வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. திசு (பெரும்பாலும் விலங்குத் திசுவால் ஆன) வால்வு இளவயதில் சீக்கிரம் தேயும், மறு அறுவை வரலாம். குழந்தை பெறும் எண்ணமிருக்கும் பெண்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

ஜிப்மரானாலும் தனியாரானாலும், அட்மிஷனுக்கு முன் சொத்தைப்பல்லைக் காட்டிச் சரிசெய்யுங்கள். வாய்க்கிருமி புது வால்வில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

வீடு வந்தபின் இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்து இருமுங்கள். தண்ணீர்க்குடம் தூக்காதீர்கள். அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர 2, 3 மாதமாகும். அதுவரை கடலூர் ரோட்டில் பைக் வேண்டாம்.

வார்ஃபரின் சாப்பிடுகிறோமே என்று முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் சுத்தமாக இல்லை என்றால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) தடுமாறும்.