சின்ன ரிவால்வரா? ஐந்தாவது தோட்டாவைக் கவனியுங்கள்
அமெரிக்காவில் தற்காப்புக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வரைப் பேன்ட் பையில் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு விஷயம். டிரிகர் கடினமாக இருக்கிறதே என்று உடனே லேசான ஸ்பிரிங் மாற்றத்தான் கை போகும், அவசரப்படாதீர்கள், லேசான ஸ்பிரிங்கால் சுத்தியலின் அடி பலமில்லாமல் போனால், தோட்டாவின் பின்புறம் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் மங்கலாக ஒரு பள்ளம் விழுமே தவிர தோட்டா வெடிக்காது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், தினமும் வைத்திருக்கப்போகும் அதே வகைத் தோட்டாவில் குறைந்தது 50 சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஐந்தைப் போட்டு நான்கை மட்டும் சுடுங்கள். மீதி ஒன்றை வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். துப்பாக்கி அரைக் கிலோகூட இல்லை, சுடும்போது வரும் உதைப்பில், சுடாத தோட்டாவின் முனையிலுள்ள குண்டு அதன் உலோகக் கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நகரும், அதிகம் நகர்ந்தால் தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழலாமல் சிக்கிவிடும். எனக்குச் சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒருமுறை அப்படித்தான் சிக்கியது, டிரிகர் அசையவே இல்லை. உயரம் மாறியிருந்தால் வேறு தோட்டா வாங்குங்கள்.

பையில் டிரிகரை முழுதும் மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். சாவி, சில்லறை எதுவும் அதே பையில் கூடாது. பஞ்சு சேரும், வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.