பாஸ்பேட் ஏறினால் நொதி விழித்துக்கொள்ளுமா?

செல் வளர்ச்சிக்கான சமிக்ஞைப் பாதைகளைப் படிக்கும்போது நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி ஒரே நினைப்பிலிருந்து பிறக்கிறது: புரதத்தில் பாஸ்பேட் ஒட்டினால் அது 'ஆன்' ஆகிவிட்டது என்பது. இதற்கு ஒரு காரணமும் உண்டு. 1950களில் ஃபிஷர், கிரெப்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்த கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் நொதி அப்படித்தான் நடந்துகொண்டது. பாஸ்பேட் ஏறியதும், செல்லில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்க ஆரம்பித்தது. 1992இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அதே கிளைக்கோஜனைக் கட்டும் சிந்தேஸ் நொதி, பாஸ்பேட் ஏறினால் சுணங்கிவிடும். ஒரே வேதிவினை, நேர் எதிர் விளைவு.

இன்சுலின் பாதையில் இது இன்னும் சிக்கலாகும். இன்சுலின் வந்ததும் ஏகேடி என்னும் கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) உசுப்பப்படுகிறது. அது ஜிஎஸ்கே-3 என்ற இன்னொரு கைனேஸ் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்குகிறது. ஜிஎஸ்கே-3 தான் சிந்தேஸை அடக்கி வைத்திருந்தது. அதன் பிடி தளர்ந்ததால் சிந்தேஸ் வேலையைத் தொடங்குகிறது. அதே ஏகேடி டிஎஸ்சி2 என்ற புரதத்தையும் அடக்குகிறது. டிஎஸ்சி2 தடுத்து வைத்திருந்த ரெப் என்ற புரதம் விடுபட்டு, எம்டார் கூட்டமைப்பு-1 என்ற, வளர்ச்சியைத் தூண்டும் புரதக் கூட்டை உசுப்ப, செல் புரதம் தயாரித்துப் பருக்கிறது. படத்தில் அம்புக்குறியை மட்டும் பார்த்துவிட்டு, முனையில் குறுக்குக்கோடு போட்ட தடுப்புக் குறியைத் தவறவிட்டால் முழுக்கதையும் தலைகீழாகிவிடும்.

அப்புறம் ராஸ் என்ற சமிக்ஞைப் புரதம். இதை 'ஜிடிபியேஸ்' (GTPase, அதாவது ஜிடிபி, GTP, மூலக்கூறை வெட்டும் நொதி) என்பதால் ஜிடிபியை வெட்டும்போதுதான் வேலை செய்கிறது என்று எழுதுகிறார்கள். பெயர் செய்த வினை! ஜிடிபியைப் பிடித்திருக்கும்வரைதான் ராஸ் சமிக்ஞை அனுப்பும், வெட்டினால் அணைந்துவிடும். அதன் 12ஆம் இடத்திலுள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறினால் அந்த வெட்டும் திறன் குன்றி, அணையாமல் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். பல புற்றுநோய்களில் இருப்பது இந்தக் கோளாறுதான்.

செல் வளர்வதையும் பிரிவதையும் ஒன்றாக எழுதுவது இன்னொரு தவறு. பிரியாமலே பருக்கும் செல்கள் உண்டு; நரம்பு செல்லைப் பாருங்கள்.

சோதனைக்கூடத்தில் வேறு மாதிரி ஏமாறுவோம். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்த ராபமைசின் என்ற மருந்து, எம்டார் கூட்டமைப்பு-1ஐத் தடுக்கும். கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு ஏகேடியின் 473ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைப் பார்த்தால், பல செல் வகைகளில் அது குறையாமல் கூடியிருக்கும். மருந்து கெட்டுப்போச்சு என்று புதுக் குப்பி ஆர்டர் போட்டுவிடாதீர்கள். எம்டாருக்குக் கீழே உள்ள எஸ்6 கைனேஸ், வழக்கமாக இன்சுலின் சமிக்ஞையை மேலேயே மட்டுப்படுத்தி வைக்கும். ராபமைசின் அந்தக் கடிவாளத்தையும் அவிழ்த்துவிடுகிறது. 473இல் பாஸ்பேட் ஏற்றும் எம்டார் கூட்டமைப்பு-2 உடனடியாக ராபமைசினுக்குப் பணிவதும் இல்லை. எஸ்6 கைனேஸின் 389ஆம் த்ரியோனினைப் பாருங்கள். அங்கே பாஸ்பேட்டைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பட்டை மறைந்திருந்தால் மருந்து நன்றாகவே இருக்கிறது.