குளிர்காலச் சைக்கிளுக்கு விளக்கு: லுமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

லண்டனில் டிசம்பர் கடைசியில் மாலை 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். காலையில் 8 மணியை ஒட்டித்தான் எட்டிப்பார்க்கும். சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அதனால் விளக்கு வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லுமென் எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

லுமென் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. டார்ச் மாதிரி வட்டமாகப் பரவும் விளக்கில் பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும், எதிரில் வருபவர் கண்ணுக்கும்தான் போகும். அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு கால்வாய்க்கரைப் பாதையில் போனபோது, எதிரே வந்த பெரியவர் ஒருவர் கையால் கண்ணை மறைத்தபடி தண்ணீர் ஓரமாக அப்படியே நின்றுவிட்டார். மறுநாளே அதைக் கழற்றிவிட்டேன்.

ஜெர்மனியில் முன்விளக்கு எதிரில் வருபவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது, 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு) தர வேண்டும் என்பது விதி. அதன்படி செய்த விளக்கில் கார் விளக்கைப் போல ஒளியின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். வெளிச்சம் சாலையிலேயே விழும். பிரிட்டனிலும் வாங்கலாம். தெருவிளக்கு உள்ள சாலைக்கு 100, 200 லுமெனே போதும். இருண்ட பாதை என்றால் 400க்கு மேல் பாருங்கள். எதுவானாலும் சற்றுக் கீழ்நோக்கி மாட்டுங்கள்.

மின்னி மின்னி எரியும் விளக்கு பிரிட்டனில் 2005 முதல் சட்டப்படி செல்லும். ஆனால் தெருவிளக்கு இல்லாத இடத்தில் முன்விளக்கு நிலையாகவே எரியட்டும். மின்னும் ஒளியில் உங்களுக்கும் பள்ளம் தெரியாது.

அப்புறம் பேட்டரி. பெட்டியில் 4 மணி நேரம் என்று போட்டிருந்தால், கடுங்குளிரில் அது குறையும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்; ஷெட்டில் வைத்து சார்ஜ் போடாமல் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தினமும் போகிறவர் என்றால் சக்கரத்தின் நடுவில் பொருத்தும் டைனமோ நல்ல முதலீடு.

பின்விளக்கை யாரும் சோதிப்பதே இல்லை. சீட்டுக்கு அடியில் மாட்டியதை நீளமான மழைக்கோட்டு முழுக்க மறைத்துவிடும். கோட்டு, பை எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.