புத்தகத்தை மூடி வைத்துப் படியுங்கள்: அரையாண்டு முதல் பொதுத்தேர்வு வரை பிளஸ் டூ மாணவர்களுக்கு

அரையாண்டுத் தேர்வு முடியும்போது பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய பத்து வாரம் இருக்கும். நடுவில் பொங்கல் விடுமுறை, திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு எல்லாம் வந்து போகும். மீதியிருக்கும் நாட்களில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்ற கணக்கைவிட, புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை கேள்விக்கு விடை எழுத முடிகிறது என்ற கணக்குதான் விடைத்தாளில் தெரியும். இங்கே சொல்வதெல்லாம் அந்த ஒரு கணக்கை உயர்த்துவதற்கான வழிகள். அறிவியல் பிரிவை வைத்து எழுதியிருக்கிறோம். வணிகவியல், கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒரு சோதனை. "இது எனக்கு நன்றாகத் தெரியும்" என்று நினைக்கும் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் முழு விடையையும் எழுதுங்கள். பெரும்பாலானோர் மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ நின்றுவிடுவார்கள். நான்கைந்து முறை வாசித்த பாடம்தான். கண்ணுக்குப் பழகிவிட்டது, கைக்கு இன்னும் வரவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போவதால் "தெரியும்" என்ற உணர்வு வந்துவிடுகிறது. படிப்பில் அதிகம் ஏமாற்றுவது இந்த உணர்வுதான்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு மாணவர் குழு ஒரு பத்தியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதம். தேர்வு நம்மைச் சோதிப்பது ஐந்து நிமிடம் கழித்து இல்லையே.

ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியைப் படிக்கும் விதம்

இயற்பியல் முதல் அலகிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மின் இருமுனையால் அதன் அச்சுக்கோட்டில் ஏற்படும் மின்புலம்.

முதல் 8 நிமிடம் புத்தகம் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து எப்படி வந்தது என்று மட்டும் பாருங்கள். இந்தத் தருவிப்பில் மொத்தம் ஆறு நிறுத்தங்கள் உண்டு. படம். நேர் மின்துகளால் வரும் மின்புலம். எதிர் மின்துகளால் வரும் மின்புலம். இரண்டின் கூடுதல். புள்ளி மிகத் தொலைவில் இருக்கிறது என்ற தோராயம். கடைசியில் இருமுனைத் திருப்புத்திறனைப் பிரதியிட்டு வரும் விடை, அதன் திசையோடு. இந்த ஆறையும் ஆறு சொற்களாக ஒரு தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த 12 நிமிடம் புத்தகம் மூடியிருக்க வேண்டும். ஆறு சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு முழுவதையும் எழுதுங்கள். நின்றுவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது யோசியுங்கள். வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அந்த ஒரு நிமிடத் தவிப்பு வீணில்லை. தேடிக் கிடைக்காத இடம்தான் விடையைப் பார்த்ததும் ஆழமாகப் பதியும்.

கடைசி 5 நிமிடம் சிவப்புப் பேனா. புத்தகத்தைத் திறந்து திருத்துங்கள். இந்தக் கேள்வியில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று: கூட்டல் கழித்தல் குறி; தோராயத்தைச் சொல்லாமலே அடுத்த வரிக்குத் தாவுவது; கடைசி வரியில் வெக்டர் குறியையும் திசையையும் விட்டுவிடுவது. விடை சரியாக இருந்தாலும் இவற்றில் ஸ்டெப் மார்க் போகும்.

மொத்தம் 25 நிமிடம். ஒரே கேள்விக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றும். வாசித்தால் 6 நிமிடத்தில் முடியும், உண்மைதான். மார்ச்சில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதுவும் உண்மை.

உயிரியலுக்கு இதே முறையில் படத்தை மையமாக வையுங்கள். பாகங்களைக் குறித்த படத்தை முதலில் நினைவிலிருந்து வரைந்தால், விளக்கம் படத்தைத் தொட்டுத் தொட்டு வரும். வேதியியலில் சமன்பாடும் வினை நிபந்தனையும் ஒரே மூச்சில் வரவேண்டும். வினையூக்கியும் வெப்பநிலையும் தனியாகப் படித்தால் ஒன்றின் தலையில் இன்னொன்று ஏறிக்கொள்ளும்.

மறக்கும் முன் திரும்ப வருவது

இன்று எழுதிப் பார்த்தது நாளைக்கே மங்கத் தொடங்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறக்கும் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. அதனால் முதல் திருப்புதல் சீக்கிரம் வரவேண்டும். அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம்.

இதற்குப் பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். புத்தாண்டுக்குக் கடைகளில் கொடுக்கும் தினசரி காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, படிக்கும் மேசைக்கு மேலே மாட்டுங்கள். ஜனவரி 5ஆம் தேதி ஒரு கேள்வியைப் படித்தால் ஜனவரி 6, 9, 16, பிப்ரவரி 8 ஆகிய நான்கு தாள்களின் ஓரத்தில் "இ 1/7" என்று குறியுங்கள். இயற்பியல், முதல் அலகு, ஏழாவது கேள்வி என்று பொருள். காலையில் பழைய தாளைக் கிழித்ததும் அன்றைக்கு எதைத் திருப்ப வேண்டும் என்று கண்முன் நிற்கும்.

திருப்புதலின்போது முழு விடையையும் எழுதத் தேவையில்லை. ஆறு நிறுத்தங்களை மட்டும், முக்கிய வரிகளோடு, 6 நிமிடத்தில் எழுதினால் போதும். எங்காவது நின்றுவிட்டால் அந்தக் கேள்வியைப் புதுக் கேள்வியாகக் கருதி மறுபடி தொடங்குங்கள்.

இந்த முறை உடைந்துபோவது எப்போதும் ஒரே இடத்தில்தான். ஆர்வத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு புதுக் கேள்விகளை எடுப்பார்கள். பத்தாம் நாள் தாளில் எழுத இடமிருக்காது. அன்றோடு காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் இரண்டு புதுக் கேள்வி என்றால் 50 நிமிடம். நான்கு சுற்றும் ஓடத் தொடங்கியதும் தினம் எட்டுத் திருப்புதல் வரும், அது இன்னொரு 48 நிமிடம். ஐந்து புதுக் கேள்வி என்றால் மொத்தமே நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பள்ளி நாளில் அது நடக்காது. விடுமுறை நாளில் நான்கு வரை போகலாம். என்றைக்காவது நேரம் குறைந்தால் புதியதை விடுங்கள், திருப்புதலை விடாதீர்கள்.

ஒன் மார்க்குக்கு ஒரு பெட்டி

இயற்பியலில் 15, வேதியியலில் 15, கணிதத்தில் 20 என்று மூன்று பாடத்தில் மட்டும் 50 மதிப்பெண் ஒரு மதிப்பெண் கேள்விகளில் இருக்கிறது. புக் பேக் கேள்விகள் மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். பாடத்தின் உள்ளிருந்தும் கேட்பார்கள்.

பழைய நோட்டின் தாளை நான்காகக் கிழியுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடையும் ஒரு வரிக் காரணமும். நான்கு விருப்பங்களை எழுத வேண்டாம். விருப்பங்கள் இல்லாமலே விடை வந்தால்தான் தேர்வில் குழப்பம் இருக்காது. ஒரு ஸ்வீட் பாக்ஸில் அட்டை வைத்து மூன்று தடுப்பு போடுங்கள். புதிய சீட்டுகள் முதல் தடுப்பில். சரியாகச் சொன்னது அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால் எங்கிருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பாருங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய முறையின் சுருக்கம் இது. பேருந்தில் போய் வருபவர்களுக்கு முதல் தடுப்புச் சீட்டுகள் பையில் இருந்தால் படிப்பில் பாதி வேலை பயணத்திலேயே முடியும்.

கணிதம் மட்டும் வேறு

வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் மாறிகளைப் பிரிக்கும் வகை, சமபடித்தான வகை, நேரியல் வகை மூன்றும் தனித்தனிப் பயிற்சிகளாக இருக்கின்றன. ஒரு பயிற்சியை வரிசையாகப் போடும்போது எந்த முறை என்று யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. வீட்டில் எல்லாக் கணக்கும் வந்தது, தேர்வில் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்று குழந்தைகள் அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொரு பயிற்சியையும் ஒருமுறை வரிசையாகப் போட்டு முடித்தபின் கலந்து போடுங்கள். வெவ்வேறு பாடங்களிலிருந்து எட்டுக் கணக்குகளைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுங்கள். முதலில் எட்டுக்கும் முதல் வரியை மட்டும் எழுதுங்கள், பிறகு முழுதாகப் போடுங்கள். தொடக்கத்தில் வேகம் குறையும், தவறும் கூடும். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளி நாள்

சிறப்பு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரவே மாலை 6 மணி ஆகும் மாணவருக்கு, உண்மையில் கிடைப்பது மூன்றே முக்கால் மணி நேரம். காலை 5.15 முதல் 6.45 வரை, இரவு 7.15 முதல் 9.30 வரை. இதற்குமேல் போடும் திட்டம் தாளில்தான் இருக்கும்.

காலையில் கணிதம் 40 நிமிடம், 10 நிமிட ஓய்வு, பிறகு ஒரு புதுக் கேள்வி. இரவில் முதலில் காலண்டர் சொல்லும் திருப்புதல், அடுத்து இன்னொரு புதுக் கேள்வி, கடைசியில் ஒன் மார்க் சீட்டுகள். தமிழ், ஆங்கிலத்துக்கு வாரத்தில் இரண்டு இரவு ஒதுக்குங்கள். மொழிப்பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது பலருக்கும் மொத்த மதிப்பெண்ணில் அடியாகிறது. 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு என்ற முறை சீட்டுகளுக்கும் வாசிப்புக்கும் நன்றாகப் பொருந்தும். கணிதத்துக்குப் பொருந்தாது, கணக்கு பாதியில் அறுந்துபோகும்.

நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரத்தை வையுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். சந்தேகம் வந்ததும் வீடியோ தேடப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு தாளில் சந்தேகங்களைச் சேர்த்து எழுதி, ஆசிரியரிடம் கேளுங்கள். மீதியை இரவு 9.30க்கு மேல் 20 நிமிடம் பாருங்கள். 10 மணிக்குத் தூங்கிவிடுங்கள். அன்று படித்தது நினைவில் உறுதியாவது தூக்கத்தில்தான். இரவு 2 மணி வரை விழித்தால் மறுநாள் வகுப்பில் கண் சொக்கும். இதில் பெற்றோரும் உதவ வேண்டும். விளக்கு எரிந்தால்தான் பிள்ளை படிக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

ஞாயிறு முழுத்தேர்வு

பிப்ரவரி முதல் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாடம், முழு வினாத்தாள், பொதுத்தேர்வு நேரப்படியே: 10 மணி முதல் 10 நிமிடம் வினாத்தாள் வாசிப்பு, 5 நிமிடம் விவரம் சரிபார்ப்பு, 10.15 முதல் 1.15 வரை எழுதுவது.

இயற்பியல் 70 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மதிப்பெண் 15க்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் ஆறுக்கு 24, மூன்று மதிப்பெண் ஆறுக்கு 42, ஐந்து மதிப்பெண் ஐந்துக்கு 75. மீதி 24 நிமிடம் சரிபார்க்க. கணிதம் 90 மதிப்பெண் என்பதால் இறுக்கம் அதிகம்: 30, 28, 42, 70 என்று போனால் 10 நிமிடம்தான் மிஞ்சும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வையுங்கள். ஒரு மதிப்பெண்ணில் விருப்பக் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாயக் கேள்வி உண்டு. இயற்பியலில் 24, 33. கணிதத்தில் 30, 40. பிடித்த ஆறை எழுதிவிட்டுக் கட்டாயக் கேள்வியை மறந்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். வாசிக்கும் 10 நிமிடத்திலேயே அவற்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்திய தாளில் போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து எழுதுங்கள். படிக்காதது என்றால் "ப", படித்தும் மறந்தது என்றால் "ம", கைதவறு என்றால் "கை", நேரம் போதவில்லை என்றால் "நே". "ப" காலண்டரில் புதுக் கேள்வியாக ஏறும். "ம" இடைவெளியைக் குறைத்துத் திரும்ப வரும். "கை" அதிகமென்றால் மிஞ்சும் நிமிடங்களில் குறி, அலகு, தசமப்புள்ளி மூன்றை மட்டும் தேடுங்கள். "நே" அதிகமென்றால் பெரும்பாலும் ஐந்து மதிப்பெண்ணில் கதை எழுதுகிறீர்கள் என்று பொருள். ஒரு தருவிப்புக்கு இரண்டு பக்கத்தைத் தாண்டாமல் எழுதிப் பழகுங்கள்.

தேர்வு தொடங்கியபின் இரண்டு தாள்களுக்கு நடுவே கிடைக்கும் நாட்களில் புதிதாக எதையும் தொடாதீர்கள். சிவப்புப் பேனா பட்ட பழைய தாள்களை மட்டும் எடுத்து, சிவப்பு இருக்கும் வரிகளை ஒருமுறை எழுதிப் பாருங்கள். முந்தைய நாள் இரவு 9 மணிக்கு ஹால் டிக்கெட், இரண்டு கறுப்புப் பேனா, பென்சில், ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போனதும், முதல் தடுப்பில் மிஞ்சியிருக்கும் சீட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படுங்கள்.