பந்து தேயிலைக்குள் போய் விழ வேண்டுமா? முதலில் விடப் பழகுங்கள்

ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பழக்குகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடும் எல்லே என்ற மட்டைப்பந்து ஆட்டத்தில் கை பழகியவர்கள். நல்ல பலம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பந்தையெல்லாம் விளாசுவார்கள். மிச்சப் பேர் கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள். கணுக்காலுக்குக் கீழே இறங்கும் பந்துக்கும் மட்டை தானாகப் போய்விடும். இரண்டு கூட்டத்துக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தூரம் அடிக்க ஆசைப்பட்டால், எந்தப் பந்தை அடிக்கக் கூடாது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 சராசரியோடு (பத்து வாய்ப்பில் நான்கு தடவை நல்ல அடி என்ற கணக்கு) 37 ஹோம் ரன், அதாவது எல்லை தாண்டும் அடி, அடித்தார். ஸோனுக்கு வெளியே வந்து, அடிக்காமல் விட்ட பந்து ஒரு போல்; அதே பருவத்தில் 147 தடவை நான்கு போல் வாங்கி நடந்தே முதல் பேஸுக்குப் போயிருக்கிறார். ஸோனுக்குள் வந்ததை விட்டாலும், வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆனது 27 தடவைதான். மோசமான பந்தைத் தொடாதவருக்கு, பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கடைசியில் நல்ல பந்து போட்டுத்தானே ஆக வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். மட்டைக்காரருக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். உரச் சாக்கு ஒன்றை அந்த அகலத்துக்கு வெட்டித் தரையில் விரியுங்கள். அந்தப் பிளேட்டுக்கு மேலே, பந்து வந்தால் ஸ்ட்ரைக் ஆகும் இடம்தான் ஸ்ட்ரைக் ஸோன். அதன் அடிக்கோடு முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் குழி. மேல்கோடு தோளுக்கும் இடுப்புப் பட்டிக்கும் நடுவே. பிள்ளை மட்டையோடு நிற்கட்டும், வீசக் கூடாது. பந்து பாதி வழி வருவதற்குள் "ஆமா" அல்லது "வேணாம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பின்னால் இருக்கும் கெச்சர் பந்து போன இடத்தைச் சொல்லட்டும். பிந்திச் சொன்ன விடை சரியாக இருந்தாலும் நான் கணக்கில் எடுப்பதில்லை. பிட்ச்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத்தில். மணிக்கு 90 மைல் வேகப் பந்து ஏறக்குறைய 0.4 செக்கனில் வந்துவிடும். யோசித்து முடிக்க அங்கே நேரமில்லை.

என்னிடம் பழகும் ஒரு பிள்ளை எப்போதும் பிந்தியே சொல்வாள். கவனித்துப் பார்த்தால், பந்து கையை விட்ட பிறகும் அவள் கண் பிட்ச்சரின் முகத்திலேயே இருந்தது. முதலில் அவர் தொப்பியைப் பார், கை மேலே வந்ததும் பந்து விடுபடும் இடத்துக்குக் கண்ணை மாற்று என்றேன். அன்று மாலையே அவள் குரல் முந்திக்கொண்டது.

இது கைவந்த பிறகு போலும் ஸ்ட்ரைக்கும் எத்தனை என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு போல், ஸ்ட்ரைக் இல்லை. அல்லது மூன்று போல், ஒரு ஸ்ட்ரைக். அப்போது உங்களுக்குப் பிடித்த ஒரே இடத்துக்கு மட்டும் காத்திருங்கள். வேறு இடத்தில் ஸ்ட்ரைக் வந்தாலும் போகட்டும். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் கதை வேறு: மட்டைப் பிடியில் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து, கிட்ட வருவதையெல்லாம் தட்டிவிடுங்கள்.

பெரிய அடிக்கு வேண்டியது கையைவிட இடுப்பு. எடை பின்னங்காலில் இருக்கட்டும். முன்னங்கால் ஊன்றியதும் இடுப்பு திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் கை. விறகு பிளப்பதுபோல் மேலிருந்து வெட்டினால் பந்து தரையில்தான் உருளும். வருகிற பந்து இறங்கித்தான் வருகிறது. அதனால் மட்டை லேசாக ஏறிப் போய், முன்னங்காலுக்கு நேரே பந்தைச் சந்திக்க வேண்டும். 25 முதல் 30 பாகையில் வேகமாகக் கிளம்பும் பந்துதான் எல்லை தாண்டும். பந்தைச் சுற்றி நடுவில் சோக்கால் கோடு போட்டு, மூங்கில் குற்றி மேல் வைத்து, அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே அடிக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பாரமான மட்டை வேண்டாம். வேகமாகச் சுழற்ற முடிகிற மட்டையே நல்லது.

நம்ம மலைநாட்டு உயரத்தையும் மறக்க வேண்டாம். பந்து பறப்பதற்குப் பேர்போன அமெரிக்காவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீட்டர். காற்று லேசாக இருப்பதால் அடி தூரம் போகும், வளைபந்து குறைவாக வளையும். கொழும்புப் பக்கம் இறங்கினால் இரண்டும் தலைகீழ். அங்கே போட்டி இருந்தால், போவதற்கு முந்திய வாரம் பெரிய அடியைக் குறைத்து, பிளேட்டுக்கு வெளியே கீழே இறங்கும் பந்துகளை மட்டும் போட்டு "வேணாம்" சொல்லப் பழக்குங்கள்.