பழைய கத்தியா? புள்ளியை எண்ணுங்கள்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடியபின், பழைய பேனாக்கத்தி தேடுபவர்கள் கரோசல் இணையச் சந்தையில்தான் துழாவுகிறார்கள். அமெரிக்காவின் கேஸ் (Case) நிறுவனக் கத்தி என்றால், அலகின் அடியில் உள்ள முத்திரையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1970இல் அதில் 10 புள்ளிகள்; பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். '1974 கத்தி' என்று விற்பவர் காட்டுவதில் 6 இருக்க வேண்டும். புள்ளி சரியாக இருந்தாலும் போலியாக இருக்கலாம். அலகு தேய்ந்து மெலிந்திருக்க, முத்திரை மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் விலகிவிடுங்கள். படம் அனுப்பாமல் 'உடனே பேநவ் பண்ணுங்க' என்று பணம் அனுப்ப அவசரப்படுத்துபவரிடம் பேச்சே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி அசலே ஆனாலும் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் அதற்குத் தடை.