காயலில் இரண்டு நாள்: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை 5.30 மணிக்கு எஞ்சினை நிறுத்தி, கரையிலிருந்த தென்னையில் கயிற்றைக் கட்டிவிட்டார் படகோட்டி. எங்கள் முதல் திருமண நாள் அது. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல் என்கிற பெரிய உப்பங்கழியில், நிலா வெளிச்சத்தில் ஹவுஸ்போட்டில் மிதந்துகொண்டே போவோம் என்று நினைத்துத்தான் மதுரையிலிருந்து கிளம்பியிருந்தோம். இடப்பக்கம் ஒரு ஹவுஸ்போட், வலப்பக்கம் ஒரு ஹவுஸ்போட். வலப்பக்கத்துப் படகில் பெரிய டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் அந்தப் படகின் கழிவறைக் குழாயைத் தொடலாம். “நாம காயலைப் பாக்க வந்தமா, இவங்க டிவியைப் பாக்க வந்தமா?” என்று மனைவி கேட்டபோது அவள் குரல் கம்மியிருந்தது.

படகோட்டி மேல் தப்பே இல்லை. மாலை ஐந்தரை, ஆறு மணிக்குமேல் ஹவுஸ்போட் ஓடக் கூடாது. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. விடியும்வரை காயல் அவர்களுக்குத்தான். ஆலப்புழையில் பொதுவாகப் பகல் 12 மணிக்கு ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரம் நிற்கும். 21 மணி நேரத்துக்குப் பணம் கட்டுகிறோம். படகு ஓடுவது, காலையில் போகும் சின்னச் சுற்றையும் சேர்த்து, ஐந்து ஐந்தரை மணி நேரம். இந்தக் கணக்கு தெரியாமல் போவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நாங்கள் அந்த ஐந்து மணி நேரத்திலும் பாதியைத் தொலைத்தோம். குமுளி ஏறி, குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம் வழியாகப் போகிற மலைப்பாதையில் போன் காட்டும் நேரத்தை நம்பவே கூடாது. குட்டிக்கானத்தில் மூடுபனி. ஆலப்புழை போய்ச் சேர்ந்தபோது மணி 2.30. சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் வெயில் சாய்ந்துவிட்டது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து அன்றைக்கே படகேறத் திட்டமிடுகிறவர்களுக்கும் இதேதான். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் போச்சு. முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்து கோட்டயத்திலோ ஆலப்புழையிலோ தூங்கி எழுந்துவிடுங்கள்.

மூணாறு, தேக்கடி, ஆலப்புழை மூன்றையும் மூன்றே நாளில் பார்க்கிற பேக்கேஜை புதுசாகக் கல்யாணமானவர்களிடம்தான் அதிகம் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மூணாறிலிருந்து ஆலப்புழைக்கு மட்டுமே ஐந்து மணி நேரம் ஆகும். அவ்வளவு வளைவுகளில் வந்து இறங்கும்போது இருவரில் ஒருவருக்காவது குமட்டும்.

படகிலேயே இரண்டு இரவு தங்குவதும் வேண்டாம். ஒரு பகலும் ஓர் இரவும் போதும். இன்னோர் இரவைக் குமரகத்திலோ கைனகரியிலோ கரையோர வீடு ஒன்றில் கழியுங்கள். எங்களுக்கு ஜெனரேட்டர் சத்தமே இல்லாத இரவு அங்கேதான் கிடைத்தது.

பதிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். ஏசி எத்தனை மணியிலிருந்து என்று கேளுங்கள். பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். ஏழு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வெந்துகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு எங்கே கட்டுவீர்கள், பக்கத்தில் எத்தனை படகு நிற்கும் என்றும் கேளுங்கள். ஒரே ஓர் அறை உள்ள படகா, மேல்தளத்தை வேறு குடும்பத்தோடு பகிர வேண்டுமா என்பதும் முக்கியம். வழியில் மீன் வாங்க நிறுத்தினால், கரிமீனை எடை போட்டு விலை சொன்ன பிறகு சமைக்கக் கொடுங்கள். படுக்கை மேல் பூவும் பலூனும் வைக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு கரிமீன் வாங்கலாம். பலூன் கடைசியில் காயலுக்குத்தான் போகும்.

மாதத்தைப் பற்றி: நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலையும் நெரிசலும் தாங்காது. கடலின் உப்புநீர் காயலை ஒட்டிய தாழ்வான குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறாமல் இருக்க, டிசம்பர் நடுவிலிருந்து சில மாதங்களுக்குத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். உப்பு ஏறாத, ஓட்டமில்லாத தண்ணீரில் ஆகாயத்தாமரை அடர்ந்து படரும். அங்கே அதைப் ‘போள’ என்கிறார்கள். எந்தப் பக்கம் போள இல்லாமல் இருக்கிறது என்று படகுக்காரரிடமே கேட்டு வழியை முடிவு செய்யுங்கள். ஜூன், ஜூலை மழை கண்ணுக்கு அழகுதான். ஆனால் மலையிலிருந்து கிழக்கன் வெள்ளம் இறங்கினால் குட்டநாட்டு வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். அந்த நேரத்தில் நாம் உல்லாசமாகப் போய் நிற்பது சரியில்லை.

சின்னப் படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் போட்டோவுக்கு நிற்காதீர்கள். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் வந்த பயணிகள் படகு இந்தக் காயலில்தான் மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஹவுஸ்போட்டோடு காயல் முடிந்துவிட்டது என்று ஊர் திரும்புவது. பெரிய படகு ‘தோடு’ என்கிற குறுகலான கால்வாய்களுக்குள் நுழையாது. துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகான வள்ளம் நுழையும். நாங்கள் அதை இரண்டாம் பயணத்தில்தான் கண்டுகொண்டோம். கைனகரியில் காலை 6 மணிக்கு ஒரு பெரியவர் வள்ளத்தோடு வந்து நின்றார். தண்ணீர் மேல் புகை மாதிரி பனி. இருநூறு முந்நூறு வாத்துகளை ஒருவர் சின்னத் தோணியில் நின்றபடி மேய்த்துக்கொண்டு போனார். ஒரு வீட்டுப் படிக்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாம் வேடிக்கை பார்க்கிற இடம் அவர்களுக்கு முற்றம், குளியலறை, தெரு எல்லாமே. அதனால் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டோம்.

ஒரு வளைவில் பெரியவர் துடுப்பை நிறுத்தி, “எழுந்து பாருங்க” என்று மலையாளத்தில் சொன்னார். மெதுவாக எழுந்து வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். நெல் வயல் எங்கள் காலுக்குக் கீழே, ஓர் ஆள் உயரப் பள்ளத்தில் பச்சையாகக் கிடந்தது. கடல் மட்டத்துக்கும் கீழே விளைகிற நெல். வள்ளம் லேசாக ஆட, மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் உட்காரவே இல்லை.